முகமா, கதவா? காட்பாடி–பாகாயம் இலகு ரயிலுக்கு எந்தத் தோற்றம் பொருந்தும்

வேலூரில், காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை வழியாகப் பாகாயம் வரை 1, 2 எண் டவுன் பஸ்கள் ஓடும் சாலையில் என்றேனும் ஓர் இலகு ரயில் (டிராம் போலச் சாலையை ஒட்டித் தரையிலேயே செல்லும் சிறிய ரயில்) ஓடுமானால், அது பார்ப்பதற்கு எப்படி இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. இது திட்ட அறிக்கை அன்று. வழித்தடமும் என் கற்பனையே. செலவையும் பயணிகள் எண்ணிக்கையையும் கணக்கிடுவது பொறியாளர்களின் வேலை. ஆனால் வண்டியின் தோற்றத்தை அவர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. அதை அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் தினமும் பார்க்கப்போகிறவர்கள் சாலையோரக் கடைக்காரர்களும், கல்லூரிப் பிள்ளைகளும், மருத்துவமனைக்கு வருகிறவர்களும்தான்.

முதலில், எது நம் விருப்பத்துக்கு உட்பட்டது, எது உட்படாதது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசு 2019-இல் மெட்ரோலைட் என்ற பெயரில் இலகு ரயிலுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஏறத்தாழ 33 மீட்டர் நீளத்தில், ஒன்றோடொன்று இணைந்த மூன்று பெட்டிகள், சுமார் 300 பயணிகள், தரையிலிருந்து 300 முதல் 350 மில்லிமீட்டர் உயரத்தில் தளம் என்ற அளவில் அது வண்டியின் உடலைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. தளம் இவ்வளவு தாழ்வாக அமைவதால், வழக்கமாகப் பெட்டியின் அடியில் தொங்கும் மின்கருவிகளும் குளிர்சாதனமும் கூரைக்கு ஏறிவிடுகின்றன. எனவே இலகு ரயிலின் உருவம் ஏற்கெனவே ஓரளவு முடிவான ஒன்று: தரையோடு ஒட்டிய, நீளமான, தலைக்கனமுள்ள பெட்டி. முகப்பு, பக்கவாட்டுக் கண்ணாடி, கதவு, நிறம், விளக்கு, உள்ளலங்காரம் ஆகியவையே நம் கைக்கு எஞ்சுகின்றன. இவற்றை வைத்துக்கொண்டு மூன்று வழிகளில் செல்லலாம். ஊருக்கென்றே தனி முகம் செய்து வாங்கலாம். தயாரிப்பாளரிடம் உள்ள பொது உருவத்தையே வாங்கி, நிறத்திலும் கதவிலும் ஊரின் அடையாளத்தைக் காட்டலாம். அல்லது சாயமே பூசாத எஃகு உடலில் ஒரு பட்டை மட்டும் ஒட்டி வேலையை முடித்துவிடலாம்.

முதல் வழிக்குத்தான் கவர்ச்சி அதிகம். பிரான்சில் இதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள். பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் நகரில் 2001-இல் ஓடத் தொடங்கிய டிராமின் முகம் பட்டுப்புழுவின் தலையைப் போன்றது. ஷாம்பெய்ன் மதுவுக்குப் பேர்போன ரான்ஸ் நகரில் 2011-இல் வந்த வண்டியின் முகப்பு மதுக்கோப்பையின் வடிவில் அமைந்தது. துறைமுக நகரமான மார்செய்யில் 2007-இல் வந்தது கப்பலின் முன்பகுதியை ஒத்தது. நமக்கு அருகிலேயே கொச்சி மெட்ரோவின் முகப்பு யானை முகத்தை நினைவூட்டும்படி வரையப்பட்டது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. லியோனிலும் ரான்ஸிலும் ஓடுபவை ஒரே நிறுவனத்தின் சிட்டாடிஸ் என்னும் ஒரே குடும்பத்து வண்டிகள். பெட்டி, சக்கரம், மின்கருவி எல்லாம் ஏறத்தாழ ஒன்றே; மூக்கு மட்டும் வேறு. கண்ணாடி இழையாலான அந்த மூக்கைத் தனி அச்சில் வார்த்துப் பொருத்துகிறார்கள். ஆகவே தனி முகம் கேட்பது புது வண்டி கேட்பது ஆகாது. புது முகமூடி கேட்பதாகும்.

வேலூருக்கு அப்படி ஒரு முகம் வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் சொல்லப்போவது கோட்டை. 16-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கோட்டை, அகழி, 1806-இல் நடந்த சிப்பாய்ப் புரட்சி என்று அதற்கு இருக்கும் பெருமை வேறு எதற்கும் இந்த ஊரில் இல்லை. ஆனால் கோட்டையின் ஞாயில்களையும் (மதிலின் மேல் பல் வரிசைபோல் நிற்கும் அமைப்பு) கொத்தளங்களையும் ஓடும் வண்டியின் நெற்றியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். கோட்டை அசையாமல் நிற்பதற்காகவும் வெளியாரை வெளியே நிறுத்துவதற்காகவும் கட்டப்பட்டது. இலகு ரயிலோ நகர்வதற்காகவும், வந்தவர் எவரானாலும் ஏற்றிக்கொள்வதற்காகவும் வாங்கப்படுவது. திருமண மண்டபங்களின் தெர்மாகோல் கோட்டை வாசல்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த முரண் உறுத்தாமல் போகலாம். ஆனால் அந்த வாசல் மறுநாள் காலையில் அகற்றப்பட்டுவிடும், இது முப்பது ஆண்டு நிற்கும். பட்டுப்புழுவும் கப்பலும் நன்றாக அமைந்ததற்குக் காரணம், அவை இயல்பிலேயே நீண்டு நகரும் உருவங்கள். கோட்டை அப்படியன்று. ஸ்ரீபுரம் தங்கக் கோயிலை வைத்து வண்டிக்குப் பொன்னிறம் பூசலாம் என்று யோசனை வந்தால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, மே மாத நண்பகலில் எதிரே வரும் ஸ்கூட்டர்காரரின் கண்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர.

தனி முகத்துக்கு எதிரான வலுவான காரணம் அழகைச் சார்ந்ததன்று, சாலையைச் சார்ந்தது. மெட்ரோவைப் போல மேம்பாலத்தில் தனியே ஓடாமல், பெரும்பாலும் தரையிலேயே, பிற வாகனங்கள் குறுக்கிடும் சாலைகளை ஒட்டி இலகு ரயில் செல்லும். விருதம்பட்டிலும் கிரீன் சர்க்கிளிலும் போக்குவரத்து எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். எத்தனை தடுப்பு வைத்தாலும் ஆண்டுக்குச் சில முறை ஏதாவதொரு ஆட்டோவோ வேனோ அந்த மூக்கில் மோதத்தான் போகிறது. பல ஊர்களில் ஓடும் பொது உருவமாக இருந்தால் உடைந்த பாகம் தயாராகக் கிடைக்கும். நமக்கென்றே செய்த மூக்கு உடைந்தால், அச்சைத் தேடியெடுத்து ஒன்றிரண்டு பாகங்களுக்காக மட்டும் மறுபடி வார்க்க வேண்டும். வண்டிகள் குறைவாக உள்ள ஊரில் ஒரு வண்டி மாதக்கணக்கில் பணிமனையில் நின்றால் காத்திருப்பவர்களுக்கு அது நேரடி இழப்பு. மேலும், மூக்கு நீள நீள முதல் கதவு பின்னால் தள்ளிப்போகும். வளைவில் திரும்பும்போது முனை வெளியே துருத்தும். நடந்து செல்பவர் மீது மோத நேர்ந்தால் அவரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்படியும், அடியில் சிக்க விடாதபடியும் முகப்பு தாழ்ந்து, வழவழப்பாக, துருத்தல் இல்லாமல் அமைய வேண்டும் என்பது இன்றைய ஐரோப்பிய வடிவமைப்பின் அக்கறை. ஞாயில்களுக்கு அங்கே இடமில்லை.

இருந்தாலும் முகத்தை அடியோடு கைவிடச் சொல்லவில்லை. பொது உருவத்தை வாங்கினாலும் விளக்குகளின் அமைப்பை மட்டும் நமக்கென்று கேட்கலாம். எல்.இ.டி. வந்தபிறகு விளக்கை எந்தக் கோட்டிலும் அமைக்க முடியும். இரவில் வண்டியின் முகமாகத் தெரிவது விளக்கு மட்டும்தான். பாலாற்றுப் பாலத்தின் மறுமுனையில் வரும்போதே ‘நம்ம வண்டி’ என்று தெரிந்துவிடும். அச்சுச் செலவு இல்லாமல் கிடைக்கும் தனித்தன்மை இது.

இனி நான் முக்கியம் என்று கருதும் இடத்துக்கு வருகிறேன். வண்டியின் முகத்தைப் பார்ப்பவர்கள் எதிரே வருகிறவர்களும் படமெடுப்பவர்களும். நிறுத்தத்தில் நிற்பவருக்கு முகம் இரண்டு நொடி தெரியும், பிறகு அவர் முன்னால் வந்து நிற்பது பக்கவாட்டுதான். காட்பாடி நிலையத்துக்கு வெளியே ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். ஹௌரா பக்கமிருந்தோ கவுஹாத்தி பக்கமிருந்தோ இரண்டு இரவு ரயிலில் வந்திறங்கிய குடும்பம் ஒன்று நிற்கும். மகன் கையில் இரண்டு பைகள். தாயின் ஒரு கையில் பெரிய எக்ஸ்ரே உறை, அது மடங்கிவிடக் கூடாதென்று மார்போடு அணைத்திருப்பார். மறுகையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார். பஸ் வந்து நிற்கும்போது படியின் உயரம் அவர் முழங்காலுக்கு இருக்கும். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. மகன், பெயர்ப்பலகையைப் பார்க்காமல், ஏனென்றால் அதில் உள்ள தமிழ் அவருக்குப் படிக்க வராது, கண்டக்டரைப் பார்த்து “சி.எம்.சி.?” என்று ஒரே சொல்லைக் கேட்பார். “ஏறுங்க, ஏறுங்க” என்று பதில் வரும். இந்த அரை நிமிடத்தில் எந்தெந்த இடத்தில் வண்டியின் தோற்றம் அவர்களுக்கு உதவியிருக்கலாம் என்பதே என் அளவுகோல். அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் முகப்பின் வடிவத்துக்குச் சுழிதான் கிடைக்கும்.

உயரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாழ்தளமும் அதே உயர நடைமேடையும் அமைந்தால் படி என்பதே இல்லாமல் போகும். பிரான்சின் கிரெனோபில் நகரில் 1987-இல் சக்கர நாற்காலிக்காரர்களும் ஏறும்படி ஓடத் தொடங்கிய டிராம் இதற்கு முன்னோடி. ஆனால் தாழ்தளத்திலும் ஒரு தேர்வு உண்டு. தளம் முழுவதும் தாழ்ந்த வண்டியும் இருக்கிறது. எழுபது விழுக்காடு மட்டும் தாழ்ந்து, இரு முனைகளிலும் உள்ளே படியேறும் வண்டியும் இருக்கிறது. பின்னதில் முனைகளின் அடியில் வழக்கமான, திரும்பக்கூடிய சக்கரத் தொகுதியை வைக்க முடிவதால் பராமரிப்பு எளிது, வளைவுகளில் தண்டவாளத் தேய்மானமும் குறைவு. தோற்றத்தில் அதன் குறை, சன்னல் வரிசை நடுவில் உடைந்து இரண்டு உயரங்களில் நிற்பது. எல்லாக் கதவுகளும் தாழ்ந்த பகுதியிலேயே அமையுமானால் இந்த அழகுக் குறையை நான் பொறுத்துக்கொள்வேன். ஒரே ஒரு கதவு உயர்ந்த பகுதியில் அமைந்தாலும் ஒப்பமாட்டேன், ஏனென்றால் அவசரத்தில் அந்தத் தாய் அந்தக் கதவின் முன்னால்தான் நின்றிருப்பார்.

கதவின் நிறம் உடலின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபட வேண்டும். பிரிட்டனில் 1998 முதல் புது ரயில் வண்டிகளுக்கு இது சட்டப்படியான தேவை. பார்வை மங்கியவர்கள் கதவைத் தேடித் தடவக் கூடாது என்பதே அதன் நோக்கம். கண்புரைக்கும் சர்க்கரை நோயின் விழித்திரைக் கோளாறுக்கும் சிகிச்சை பெற வருபவர்கள் மிகுந்த ஊருக்கு இந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும். இங்கேதான் மூன்றாவது வழியான சாயம் பூசாத எஃகு தோற்றுப்போகிறது. சிக்கனத்தில் அதற்கு நிகரில்லை; கீறல் தெரியாது, மறுபூச்சு தேவையில்லை. ஆனால் உடலும் கதவும் ஒரே சாம்பல் பளபளப்பாக நிற்கும். மேம்பாலத்தில் ஓடும் மெட்ரோவுக்கு அது குற்றமன்று. அங்கே நடைமேடையில் கதவுக்கு நேராக அடையாளம் இருக்கும், பணியாளர் இருப்பார். சாலையோர நிறுத்தத்தில் அந்த வசதி இல்லை. தவிர, நண்பகல் வெயில் அந்த எஃகில் பட்டுத் தெறித்துப் பக்கத்தில் செல்பவர் கண்ணில் விழும்.

உடலுக்கு என்ன நிறம்? இதில் பிற ஊர்களைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு மஞ்சள் நல்ல உதாரணம். மான்செஸ்டர் டிராம்களில் மஞ்சள்தான் அடையாளம். ஜப்பானின் உட்சுனோமியா நகரில் 2023 ஆகஸ்டில் தொடங்கிய இலகு ரயிலும், இடி மின்னலுக்குப் பேர்போன அந்த ஊரின் மின்னலை நினைவூட்டும் மஞ்சளையே பூண்டது. மழையும் மூட்டமும் நிறைந்த மான்செஸ்டரில் மஞ்சள் தொலைவிலேயே கண்ணைப் பறிக்கும். வேலூரிலோ ஆட்டோக்கள் மஞ்சள், பள்ளி கல்லூரிப் பேருந்துகள் மஞ்சள். காட்பாடிச் சாலையில் காலை எட்டரை மணிக்கு இன்னொரு மஞ்சள் வண்டி வந்தால் அது கரைந்துபோகும். இளஞ்சிவப்பு, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து என்ற பொருளை ஏற்கெனவே பெற்றுவிட்டது. அதை எடுத்தால் டிக்கெட் விஷயத்தில் குழப்பம் வரும். வெள்ளையும் நீலமும் சேர்ந்த வந்தே பாரத் 2022 நவம்பர் முதல் காட்பாடியில் நின்று செல்கிறது. தூய வெள்ளை கண்ணுக்கு நிறைவுதான், ஆனால் வந்தே பாரத்தைப் போலத் தனிப் பாதையில் செல்லாமல் சாலைப் புழுதியில் ஓடும் வண்டியின் கீழ்ப்பகுதி முதல் மழைக்கே அழுக்கேறிவிடும்.

என் தேர்வு இது: இடுப்புக்கு மேல் வெளிர் சந்தன நிறம், கீழ்விளிம்பில் புழுதியை மறைக்கும் அடர் சாம்பல், கதவுகளில் மட்டும் ஆழ்ந்த நீலப்பச்சை. இந்த நீலப்பச்சை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரி மண்பாண்டங்களின் பளபளப்புப் பூச்சிலிருந்து. கோட்டையை நெற்றியில் ஒட்டுவதைவிட, கைக்கு எட்டும் இடத்தில், ஒவ்வொருவரும் தொட்டுத் திறந்து ஏறும் கதவில், ஊரின் கைவினையை வைப்பது நமக்கு உரிமையானது என்று தோன்றுகிறது. சந்தனத்தின் மேல் அந்த நிறம் எட்டு மணி இருட்டிலும் தனித்துத் தெரியும்.

நிறத்தோடு ஒட்டிய இன்னொரு தேர்வும் உண்டு. ஜப்பானின் தொயாமா நகரில் 2006-இல் தொடங்கிய இலகு ரயிலில் ஏழு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் வானவில்லின் ஒவ்வொரு நிறம். குழந்தைகள் ‘இன்று சிவப்பில் போனோம்’ என்று சொல்வதற்கு அது மிக நல்லது. ஆனால் மொழி தெரியாத ஊருக்கு வந்தவருக்கு நிறம் என்பது வழிகாட்டி. ‘நீலப்பச்சைக் கதவு உள்ள வண்டியில் ஏறு’ என்று வீட்டில் ஒருவர் சொல்லியனுப்பினால், அது எந்த வண்டிக்கும் எந்த நாளும் பொருந்த வேண்டும். எனவே நிறம் தடத்துக்கு உரியதாக இருக்கட்டும், வண்டிக்கு உரியதாக வேண்டாம். அதோடு நிறுத்தங்களுக்குப் படச் சின்னம் வைக்கலாம். மெக்சிகோ நகரின் மெட்ரோ 1969-இல் தொடங்கியபோது, எழுத்தறியாதவர்களும் பயன்படுத்தும்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படத்தை லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் வரைந்தார். அவை இன்றும் புழங்குகின்றன. நம் தடத்தில் கோட்டைக்குக் கோட்டையும், பாலாற்றுக்குப் பாலமும், சி.எம்.சி.க்கு ஒரு படுக்கையும் போதும். (1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் அது, படம் அங்கேயே தயாராக இருக்கிறது.) மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளும் மருந்துக் கடைகளும் வங்காள எழுத்தில் பலகை வைத்து வெகுகாலமாகிறது. வண்டியின் பலகையில் தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் அடுத்தும் இருக்க, படம் எல்லோருக்கும் பேசும்.

கண்ணாடி விஷயத்தில் எனக்கே இரு மனம். ஸ்ட்ராஸ்பூர்கில் 1994-இல் ஓடத் தொடங்கிய டிராம், இடுப்புக்குக் கீழே இறங்கும் மிகப் பெரிய சன்னல்களால் பேர்பெற்றது. உள்ளே இருப்பவருக்குத் தெருவிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். நம் தடத்தில் பாலாற்றுப் பாலம் இருக்கிறது, சுற்றிலும் பாறை மலைகள் இருக்கின்றன. 2021 நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அதைப் பார்க்கவே ஊர் திரண்டது. அப்படிப்பட்ட ஊருக்குச் சிறிய சன்னல் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் திசையைப் பாருங்கள். காட்பாடி வடக்கே, பாகாயம் தெற்கே. தடம் ஏறத்தாழ நேர் வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆகவே வண்டியின் இரு நீளப் பக்கங்களும் கிழக்கையும் மேற்கையும் நோக்கியே நாள் முழுவதும் இருக்கும். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும், அதாவது கூட்டம் மிகும் அதே நேரங்களில், சாய்ந்த வெயில் நேராகக் கண்ணாடிக்குள் நுழையும். கத்திரி நாட்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து குளிர் வெளியேறும் வண்டியில், பெரிய கண்ணாடியின் விலையைக் குளிர்சாதனம் மின்சாரமாகக் கட்டும். தளத்திலிருந்து கூரை வரையிலான கண்ணாடியை விடுத்து, உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் நீளமாக ஓடும் நடுத்தரச் சன்னலும், அதன் மேல்பகுதியில் அடர்த்தியான நிறமேற்றமும் போதும் என்று முடிவுக்கு வருகிறேன். கதவில் மட்டும் கண்ணாடி கீழ்வரை இறங்கட்டும். உள்ளிருப்பவர் நடைமேடையைப் பார்த்து இறங்க அது தேவை.

உச்சி வெயில் கூரையில் விழும் என்பதால் கூரை வெள்ளையாகவே இருக்க வேண்டும். மேலே உள்ள கருவிகளை மூடும் தகடும் ஒழுங்காக அமைய வேண்டும். கூரையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். சி.எம்.சி. எதிரே உள்ள விடுதிகளின் மூன்றாம் மாடிச் சன்னலில், பரிசோதனை முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

உள்ளலங்காரத்தில் இரண்டு செய்திகள் மட்டும். கைப்பிடிக் கம்பிகள் இருக்கையின் நிறத்திலிருந்து வேறுபட்டுப் பளிச்சென்று தெரிய வேண்டும். வெளியே வேண்டாம் என்று தள்ளிய மஞ்சளுக்கு இங்கே இடமுண்டு. தரை கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கக் கூடாது: கறுப்புத் திட்டு, பார்வை மங்கிய முதியவருக்குப் பள்ளமாகத் தெரியும், பளபளப்பு, ஈரமாகத் தெரியும், இரண்டிலும் அவர் கால் தயங்கும். துணி இருக்கை அழகாக இருந்தாலும் நோயாளிகள் மிகுந்த தடத்துக்குத் துடைத்தெடுக்கும் இருக்கையே சரி.

இத்தனையும் செய்தபின் எல்லாவற்றையும் ஒரே நாளில் கெடுக்கக்கூடியது விளம்பர ஸ்டிக்கர். வண்டி முழுவதையும் சன்னலோடு சேர்த்துச் சுற்றி ஒட்டும் விளம்பரத்தில் வருமானம் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் ஓட்டை ஓட்டையான அந்த ஸ்டிக்கர் வழியாக வெளியே பார்த்தால் பட்டப்பகலிலும் மாலை மங்கலாக இருக்கும். கதவும் உடலும் ஒரே நகைக்கடைப் படத்தில் மறைந்துபோகும். சந்தன நிறப் பகுதியில் சன்னலுக்குக் கீழே ஒரு பட்டையை விளம்பரத்துக்கு விட்டுக்கொடுத்து, கதவையும் கண்ணாடியையும் முகப்பையும் தொடக் கூடாது என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பிறகு எழுத நினைத்தால் வருமானக் கணக்கு குறுக்கே நிற்கும்.

ஆகவே என் ஓட்டு இரண்டாவது வழிக்கு: பொது உருவம், நமக்கென்று விளக்கமைப்பு, நமக்கென்று கதவு. தனி மூக்குக்கு ஆகும் பணத்தை நிறுத்தங்களின் நிழற்கூரைக்கும் படச் சின்னங்களுக்கும் திருப்பலாம். கொள்முதலுக்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. கதவு ஒன்றும் சன்னல் இரண்டும் அடங்கிய முழு அளவு மாதிரியைப் பிளைவுட்டில் செய்து, உண்மை உயரத்தில் ஒரு மேடையோடு, காட்பாடி நிலைய வாசலில் ஒரு மாதம் வைக்க வேண்டும். அதிகாரிகள் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும். நாம், ஒரு கையில் எக்ஸ்ரே உறையும் மறுகையில் கொசுவமுமாக வருகிறவர்கள் கம்பியைத் தேடாமல் உள்ளே போகிறார்களா என்று ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருக்கலாம்.